மூணுதட்டுக் கொம்பையாவும் எட்டு விதைகளும்

கொம்பையாவுக்கு உயரம் என்றால் பயம். இதில் வேடிக்கை என்னவென்றால், பதினாறு வருஷமாக அவன் பிழைப்பு உயரத்தில்தான் ஓடியது. பணகுடிக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே வரிசையாக நிற்கும் காற்றாலைகளில், ஊர்ப்பேச்சில் சொன்னால் காத்தாடிகளில், ஏறிப் பழுது பார்க்கிற வேலை. ஒவ்வொன்றும் நூற்றிருபது மீட்டர். ஏணியின் முதல் படியில் கால் வைக்கும்போதே இரண்டு கையாலும் அடுத்த படியை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். இறங்கி வந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, இன்றைக்குப் பிழைத்தோம் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வான். போகப் போகப் பழகிவிடும் என்று முதல் வருஷம் அவனுக்கு ஆறுதல் சொன்ன பெரியவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அவன் பயம் மட்டும் இன்னும் ஒருநாள் லீவுகூடப் போடாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

மேலே ஏறுகிறவர்களின் இடுப்புப் பட்டையிலிருந்து கயிறுகளில் இரண்டு கொக்கிகள் தொங்கும். ஒன்றை மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும் என்பது விதி. கொம்பையா மாட்டுவான், இழுத்துப் பார்ப்பான், பிறகு விரல் முட்டியால் அதை டக் டக் டக் என்று மூன்று முறை தட்டுவான். தட்டினால் கொக்கி கூடுதலாக இறுகிவிடாது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் தட்டாவிட்டால் கால் நகராது. பிறகு அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டு, பைக் சாவியைத் தட்டுவது, கேஸ் சிலிண்டரைத் தட்டுவது, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவையும் அதே கணக்கில் தட்டுவது என்று ஆகிவிட்டது. 'மூணுதட்டு' என்ற பட்டப்பெயர் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு அவனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். இதைக் கம்பெனி மேலாளர் சத்தியநாதன் கவனித்துவிட்டார். அவர் எதையும் படம் போட்டுக் காட்டாமல் பேச மாட்டார். ஒருநாள் எல்லாரையும் கூட்டி வைத்து, உயரத்தில் இருக்கும் மனிதன் தன் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பயப்படுவதற்கே செலவழிக்கிறான் என்று ஒரு வட்டம் வரைந்து, அதில் ஒரு துண்டுக்குச் சிவப்பு அடித்துக் காட்டினார். பிறகு அந்தச் சிவப்பை அழிக்க ஒருவர் வந்திருக்கிறார் என்று சொல்லி, சென்னையிலிருந்து வந்த டாக்டர் மிருதுளாவை மேடைக்குக் கூப்பிட்டார்.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூட டீச்சர் மாதிரி கேள்வி கேட்டுத்தான் ஆரம்பித்தார்.

"எலி பூனையைப் பாத்தா என்ன செய்யும்?"

ஓடும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

"ஒரு ஒட்டுண்ணி இருக்கு. மொத்த உடம்பும் ஒரே ஒரு செல்தான். அது மூளைக்குள்ள போன எலி ஓடாது. பூனை வாசனை வந்தா அந்தப் பக்கமே போய் நிக்கும். பூனை குடல்லதான் அந்த ஒட்டுண்ணிக்குக் குடும்பம் நடத்த முடியும், அதனால எலியை வாகனமா வச்சுக்கிட்டு அங்கே போய்ச் சேருது."

"ஒட்டுண்ணிக்கு வீடு, பூனைக்குச் சாப்பாடு. எலிக்கு என்ன லாபம்?" என்று கொம்பையா கேட்டான்.

நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த படத்தில் முட்டை மாதிரி ஒரு கூடு இருந்தது. பூனையின் வயிற்றிலிருந்து வெளியே வருவது இதுதானாம். வந்த புதிதில் இது பச்சைக்காய், யார் தின்றாலும் ஒன்றும் ஆகாது. காற்றோட்டமாக, இளஞ்சூட்டில், இரண்டு மூன்று நாள் கிடந்தால் கூட்டுக்குள் எட்டு விதைகள் உருவாகும். அந்த எட்டும் உருவான பிறகுதான் அதற்குத் தொற்றுகிற சக்தி வரும். காய்ச்சல், கண் கோளாறு என்று அது கொண்டுவரும் கெடுதல்களை எல்லாம் நீக்கி, பூனையும் இல்லாமல், பயத்தை மட்டும் எடுக்கிற மாதிரி டாக்டரின் ஆட்கள் அதை மாற்றி வளர்த்திருக்கிறார்கள். கம்பெனி அதற்கு 'திடம் எட்டு' என்று பெயர் வைத்து, பச்சையாகவே சின்னக் குப்பிகளில் அடைத்திருந்தது; வீட்டில் மூன்று நாள் வைத்துப் பழுத்த பிறகு குடிக்க வேண்டும்.

கொம்பையாவோடு ஜோடியாக மேலே ஏறுகிறவன் மிக்கேல், கூட்டப்புளிக்காரன். முப்பது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, காவல்கிணற்றில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் தனியாக இருந்தான். அவன் எழுந்து, பழுத்ததையே கொடுத்துவிடலாமே, எதற்குப் பச்சையாகக் கொடுத்து மூன்று நாள் காத்திருக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டான். இதற்குச் சத்தியநாதனே பதில் சொன்னார். அவர் பேசியது அச்சடித்த தாளைப் படிப்பது போல இருந்தது.

"தொற்றும் நிலையில் உள்ள ஒட்டுண்ணியை ஒருவருக்குக் கொடுப்பது குற்றம். தொற்றாத நிலையில் கொடுப்பது குற்றமில்லை. நாங்கள் உங்களுக்குக் கொடுப்பது தொற்றாத பொருள். அது உங்கள் வீட்டு அலமாரியில் பழுத்தால் அதற்குக் கம்பெனி பொறுப்பாகாது."

பழுத்ததா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பீர்களா என்று யாரோ கேட்டார்கள். பார்க்க மாட்டோம் என்றார் டாக்டர், கொஞ்சம் தரையைப் பார்த்தபடி. பார்த்தால் கம்பெனிக்குத் தெரிந்ததாக ஆகிவிடுமாம். தெரியாமல் இருப்பதற்குத்தான் வக்கீல்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்.

கட்டாயமில்லை, விருப்பம் இருந்தால் போதும். விருப்பம் இல்லாதவர்களுக்குக் கீழே புல் வெட்டுகிற வேலை காத்திருந்தது. வெள்ளோட்டத்துக்கு இரண்டே பேர் போதும் என்று கம்பெனியிலேயே மெதுவான ஜோடியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது எந்த ஜோடி என்று சொல்ல வேண்டியதில்லை. கொம்பையாவுக்குப் புல் வெட்ட வெட்கமில்லை. ஆனால் மகள் நாகர்கோவிலில் நர்ஸ் படிப்பு இரண்டாம் வருஷத்தில் இருந்தாள், புல் வெட்டுகிறவன் சம்பளத்தில் அது மூன்றாம் வருஷத்துக்குப் போகாது. அவன் குப்பியை வாங்கிக்கொண்டான்.

வீட்டில் அவன் மனைவி சண்முகக்கனி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கனி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறவள், பதினெட்டு வருஷமாகத் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் ஏறாத வீடு கிடையாது. கொம்பையா அவளிடம் எலியில் ஆரம்பித்து எட்டு விதை வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தான். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், எலிக்கு என்ன லாபம் என்று. அதற்கு டாக்டரிடமே பதில் இல்லை என்று சொல்லிவிட்டு, குப்பியின் மூடியைப் பாதி திறந்து டிவிக்கு மேலே உள்ள தட்டில் வைத்தான். யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னான். அன்று மாலையே அவனுக்கு இரண்டு நாள் வெளி முகாம் வேலை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் தட்டில் குப்பி இல்லை. கனியைக் கேட்டான். ஃப்ரிட்ஜைக் கை காட்டினாள். கதவுத் தட்டில், கண் சொட்டு மருந்துக்கும் ஒரு கட்டுப் புதினாவுக்கும் நடுவே, மூடி இறுக்கமாகத் திருகப்பட்டு, குப்பி ஜில்லென்று உட்கார்ந்திருந்தது.

"எப்ப வச்ச?"

"நீங்க அங்க வாசல் தாண்டுனிய, நான் இங்க வச்சிட்டேன். மருந்துன்னா ஃப்ரிட்ஜ்லதான வைக்கணும்? பதினெட்டு வருஷமா வேற என்னத்தச் செய்யுதேன்."

கொம்பையாவுக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே அது எங்கோ போய்விட்டது. இளஞ்சூடும் இல்லை, காற்றும் இல்லை. விதை ஒன்றுகூட உருவாகியிருக்காது. இப்போதுகூட இன்னும் மூன்று நாள் வெளியே வைத்தால் பழுத்துவிடலாம், அல்லது டாக்டரிடம் போய் இன்னொரு குப்பி கேட்கலாம். இரண்டையும் அவன் யோசித்தான். யோசிக்கும்போதே நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது. நூற்றிருபது மீட்டரிலிருந்து இறங்கித் தரையில் கால் வைத்த மாதிரி இருந்தது. உயரத்துக்குப் பயப்படுகிறவன் மூளைக்குள் போகிற பூச்சிக்கு மட்டும் பயப்படமாட்டானா என்ன. கனிக்கு முன்னாலேயே பச்சைக்காயைத் தண்ணீரில் ஊற்றிக் குடித்தான். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, கசக்கிறது என்று முகத்தைச் சுளித்துக் காட்டினான். உண்மையில் அதற்கு ஒரு ருசியும் இல்லை.

அன்றிலிருந்து அவனுக்குச் சனி பிடித்தது. பயந்தவன் தைரியசாலியாக நடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. கம்பெனியில் நடித்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் கனி அவனை வீட்டிலும் விடவில்லை. சமையலறையில் பல்லி விழுந்தால், உங்களுக்குத்தான் பயமே கிடையாதே என்று அவனைக் கூப்பிட்டாள். தெருமுனையில் எல்லாரையும் விரட்டும் கறுப்பு நாய்க்குச் சோறு வைக்க அவனை அனுப்பினாள். போலீஸில் ஏட்டாக இருந்து மீசையோடு ஓய்வு பெற்ற அவள் அண்ணனிடம் போய், கிணற்றங்கரையில் அவர் போட்ட வேலியைத் தள்ளிப் போடச் சொல்ல வேண்டும் என்றாள். அவனும் போனான். தூணைப் பிடித்துக்கொண்டே சொன்னான். மச்சான் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் ஆம்பளை மாதிரி பேசியிருக்கிறாய் என்று காப்பி கொடுத்து அனுப்பினார். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு வருஷமாக அவன் ஒத்திப்போட்டு வந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வள்ளியூர் பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, ஊசியைப் பார்த்தபடி புன்னகை செய்த அந்தப் பத்து நிமிஷத்தை அவன் சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை.

மேலேயும் பாடுதான். வேகமாக ஏற வேண்டும், சிரித்த முகமாக இருக்க வேண்டும், முக்கியமாகக் கொக்கியைத் தட்டக் கூடாது. அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கட்டைவிரலைக் கொக்கி மேல் வைத்துக்கொண்டு, வாயை மூடி, நாக்கால் மேலண்ணத்தில் மூன்று தட்டு. யாருக்கும் கேட்காது. அப்படித் தட்டியும் வேலை ஒரு மணி ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. சத்தியநாதன் தன் வட்டத்தில் சிவப்பை அழித்து மஞ்சள் அடித்துவிட்டார்.

மிக்கேல் கதை வேறு. அவன் அறையில் ஃப்ரிட்ஜ் கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் ஓரமாக, குப்பி அழகாகப் பழுத்திருந்தது. முன்னெல்லாம் மிக்கேல் ஏணியில் ஏறும்போது மாதா பாட்டு பாடுவான். பக்தி பாதி, நடுக்கம் பாதி. இப்போது பாட்டு நின்றுவிட்டது. முதல் வாரம் ஒரு கொக்கி மட்டும் மாட்டினான், இரண்டாவது வாரம் அதையும் விட்டான். கேட்டால், மறந்துபோச்சு அண்ணே என்று சிரிப்பான். பொய் இல்லை. கொக்கியை ஞாபகப்படுத்துவது பயம்தான், அது அவனிடம் இல்லை.

ஒருநாள் மேலே உட்கார்ந்து சாப்பிடும்போது மிக்கேல் கேட்டான்.

"அண்ணே, அம்மாவுக்கு நெஞ்சுல ஆபரேஷனாம். அடுத்த மாசம். அக்கா போன்ல அழுதா. எனக்கு ஒண்ணுமே தோணல. முன்னால எல்லாம் அம்மா இருமினாலே எனக்குத் தூக்கம் வராது. இப்ப நல்லாத் தூங்குதேன். உங்களுக்கும் இப்படித்தான் இருக்கா?"

கொம்பையா எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தான். ஆமாம் என்று சொன்னால் பொய், இல்லை என்று சொன்னால் வேலை போய்விடும். அவன் தண்ணீர் குடிப்பது போல நேரம் கடத்தினான்.

"நல்லதுதான அண்ணே, கவலை இல்லாம இருக்கது?" என்றான் மிக்கேல். "ஆனா நல்லதுன்னா எதுக்கு உங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்னு தெரியல."

அன்றிலிருந்து கொம்பையா ஒரு காரியம் செய்தான். காத்தாடியின் உச்சியில் இயந்திரம் இருக்கும் பெட்டியின் கூரைக்குப் போகும்போது, தன் பட்டையின் இரண்டு கொக்கிகளில் ஒன்றை இரும்பு வளையத்திலும், மற்றதை மிக்கேலுக்குத் தெரியாமல் அவன் பட்டையின் முதுகுப்பக்க வளையத்திலும் மாட்டிவிடுவான். அப்படிச் செய்தால் அவனுக்கு ஒரே ஒரு கொக்கிதான் மிஞ்சும். பதினாறு வருஷத்தில் அவன் ஒரு கொக்கியில் நின்றதே இல்லை. நாக்குத் தட்டு மூன்றிலிருந்து ஒன்பதாகிவிட்டது, மூன்று அவனுக்கு, ஆறு மிக்கேலுக்கு.

ஆடி மாதம் ஒரு காலை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காற்றளக்கும் கருவி கெட்டுப்போனதால் இரண்டு பேரும் கூரைக்குப் போனார்கள். மிக்கேல் பஸ் ஸ்டாண்டில் நடக்கிறவன் மாதிரி விளிம்பு வரைக்கும் நடந்து போய்க் குனிந்தான். ஒரு காற்று வந்தது. மிக்கேல் கூரையில் இல்லை.

கயிறு சுண்டி இழுத்தது. கொம்பையா குப்புற விழுந்தான். அவன் கொக்கி தாங்கியது, மிக்கேலின் முதுகில் மாட்டியிருந்த கொக்கியும் தாங்கியது. கொம்பையா வாய்விட்டு அலறினான். சுடலைமாடனைக் கூப்பிட்டான், கனியைக் கூப்பிட்டான், மிக்கேலுக்காக மாதாவையும் கூப்பிட்டான். கைகள் மட்டும் கயிற்றை விடாமல் சாண் சாணாக இழுத்தன. தரைக்கு நூற்றிருபது மீட்டர் மேலே தொங்கிக்கொண்டிருந்த மிக்கேல், பந்தியில் பரிமாறுகிறவனிடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னான்.

"மெதுவா இழுங்க அண்ணே. ஒண்ணும் அவசரம் இல்ல."

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் கொம்பையாவுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அதற்கு முன்னால் இருந்தது எல்லாம் ஒத்திகை. மிக்கேலை மேலே இழுத்துப் போட்டுவிட்டு அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். மிக்கேல் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்து, என்ன ஆச்சு அண்ணே, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தான்.

கூரையில் ஒரு கேமரா உண்டு. அதில் படம் மட்டும்தான் பதியும், சத்தம் பதியாது. சத்தியநாதன் பார்த்த படத்தில் ஒரு வீரன் கூரையில் பாய்ந்து படுத்து, ஒற்றைக் கொக்கியில் உயிரை வைத்துக்கொண்டு நண்பனை இழுத்துக் காப்பாற்றினான். அலறியது அதில் தெரியவில்லை. வாயைத் திறந்தது தெரிந்தது, அதை ஆணையிடுவதாக எடுத்துக்கொண்டார். திடம் எட்டு இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா என்று எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். மிக்கேல் ஏன் கொக்கி மாட்டவில்லை என்று டாக்டர் மிருதுளா மட்டும் கேட்டார். அவர் கேட்டது படத்துக்குச் சேர்த்திருந்த இசையில் அமுங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு கழித்து விழா. கொம்பையாவுக்குச் சால்வை. அதே மேடையில் மீதி அறுபது பேருக்கும் குப்பி. கொம்பையா நாலு வார்த்தை பேச வேண்டும், மருந்தைப் பற்றி நல்லதாக.

விழாவுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் கனி சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கொம்பையா பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அறுபது மிக்கேல்கள் கொக்கி இல்லாமல் நடப்பது கண்ணை மூடினால் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரன் என்று வெளியே தள்ளுவார்கள், மகள் படிப்பு நின்றுவிடும். சொல்லாவிட்டால் யாராவது ஒருவன் விழுவான், அவன் முதுகில் யாருடைய கொக்கியும் இருக்காது. கொம்பையா எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மருந்து பழுக்கவே இல்லை என்று சொன்னான், பல்லி முதல் பல் டாக்டர் வரைக்கும் எல்லாம் நடிப்பு என்று சொன்னான். நீ தெரியாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாய், உன் மேல் தப்பில்லை என்றும் பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டான்.

கனி மீனிலிருந்து நிமிரவில்லை.

"தெரியாம வச்சேன்னு யார் சொன்னா?"

கொம்பையா ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தான்.

"பதினெட்டு வருஷம் பெட்டி தூக்குதேன். எதை வெளிய வச்சா கெடும், எதை உள்ள வச்சா கெடும்னு எனக்குத் தெரியாதா? இளஞ்சூட்டுல பழுக்கும்னு நீங்கதான சொன்னிய. கீரை ஆயுற கைக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியளா?"

கொம்பையாவுக்கு வர வேண்டிய முதல் கேள்வி வேறு எதுவாகவோ இருந்திருக்க வேண்டும்.

"அப்ப பல்லு?"

"ரெண்டு வருஷமாச் சொத்தை. இப்படி ஒரு சமயம் வந்தா விடலாமா?"

அவள் சிரித்த சிரிப்பில் சட்டி ஆடியது. பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். இப்போது சிரிப்பு இல்லை.

"நீங்க வேலைக்குப் போற அன்னிக்குச் சாயங்காலம் அரிசியக் களைஞ்சு வச்சிட்டு அப்படியே உக்காந்திருப்பேன். கதவுல மூணு தட்டு கேட்டாத்தான் உலையில போடுவேன். பதினாறு வருஷமா அப்படித்தான். உங்க தைரியத்தை நம்பி நான் ஒரு நாளும் இருந்தது கிடையாது. உங்க பயத்தை நம்பித்தான் இருக்கேன். அதை எடுக்க அந்தக் கம்பெனிக்காரன் யாரு?"

கொம்பையாவுக்குக் கண் கலங்கியது. முக்காலியை நகர்த்துவது போலத் திரும்பிக்கொண்டான். மேடையில் என்ன பேசுவது என்று கேட்டான். நாலு வார்த்தை போதும், மீதியை நான் பார்த்துக்கிடுதேன் என்றாள் கனி.

விழாவுக்கு அறுபது பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு மைக்கைப் பிடித்தபோது கொம்பையா தலையை நிமிர்த்தவில்லை. பணிவு என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"எனக்குப் பேச வராது. ஒண்ணே ஒண்ணுதான். மருந்தை வாங்கி நேரா வீட்டுக்குக் கொண்டு போங்க. வீட்டுல உள்ளவங்க கையில குடுத்துருங்க. எங்க வைக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்."

குடும்ப மதிப்பைப் பற்றி எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார் என்று சத்தியநாதன் எழுந்து நின்று கை தட்டினார். பின்வரிசையில் கனி பெண்களுக்கு நடுவே நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து, போனதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லா வீட்டுக் குழந்தைக்கும் அவள்தான் சொட்டு மருந்து கொடுத்தவள், அவள் மருந்தைப் பற்றி ஒன்று சொன்னால் மறுபேச்சு கிடையாது. அறை எடுத்துத் தனியாக இருக்கும் பதினோரு பேரைத் தனியே பிடித்தாள். அறைச் சூட்டில் வைத்தால் கெட்டுப்போகும், நானே பத்திரமாக வைத்து மூன்றாம் நாள் தருகிறேன் என்று குப்பிகளை வாங்கித் தன் பெட்டியில் அடுக்கினாள்.

அடுக்கி முடித்து நிமிர்ந்தால் எதிரே டாக்டர் மிருதுளா. கொம்பையா மேடையிலிருந்து இதைப் பார்த்துவிட்டு, தொலைந்தோம் என்று ஓடி வந்தான். டாக்டர் பெட்டியையும் கனியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரி?"

"நாலு," என்றாள் கனி.

டாக்டர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"கதவுத் தட்டுல வைக்காதீங்க. திறந்து மூடறப்போ சூடு ஏறும். உள்ளே, கடைசியில வைங்க."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் பதினோரு குப்பிகளுக்கும் இடம் கிடைத்தது.

நாலு மாதம் ஆகியும் ஒரு விபத்து இல்லை, ஒரு சிராய்ப்புகூட இல்லை. பயமே இல்லாத அறுபத்தொரு பேர் மேலே வேலை பார்க்கிறார்கள் என்று கம்பெனி தலைமை அலுவலகம் வரைக்கும் பேசிக்கொண்டது. சத்தியநாதனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எல்லாரும் பழைய நேரத்தையேதான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை, விபத்து இல்லாத சந்தோஷத்தில் யாரும் படம் போட்டுக் காட்டவில்லை. ஒவ்வொருவனும் தனக்கு மட்டும்தான் மருந்து பிடிக்கவில்லை என்று நினைத்து, மற்ற அறுபது பேருக்கும் முன்னால் மார்பை நிமிர்த்தி நடந்தான். கொம்பையா ஒருநாள் கூரையிலிருந்து பக்கத்துக் காத்தாடியைப் பார்த்தான். அங்கே ஒருவன் கொக்கியை மாட்டிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்து, டக் டக் டக் என்று தட்டினான்.

மிக்கேலுக்கு மட்டும்தான் எதுவும் திரும்பவில்லை. உள்ளே போன எட்டும் உள்ளேயே குடியிருக்கும், வெளியே எடுக்க வழி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் அழுதார். மிக்கேலுக்குக் கீழே சாமான் கிடங்கில் வேலை கொடுத்தார்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அவனும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். ஆனால் நாலுவழிச் சாலையை இரண்டு பக்கமும் பார்க்காமல் கடப்பான். அதனால் தினமும் வேலை முடிந்ததும் கொம்பையா அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்து, தன் வீட்டு வழியாகக் கூட்டிக்கொண்டு போவான்.

"எதுக்கு அண்ணே கையைப் பிடிக்கிய? லாரி தூரத்துலதான வருது."

"உனக்கும் சேத்து நான்தானலே பயப்படணும்," என்பான் கொம்பையா. தினமும் இதே கேள்வி, இதே பதில்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் கேள்வி வரவில்லை. சாலை ஓரத்தில் மிக்கேல் தானாகவே நின்றான். அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். பிறகு கொம்பையாவின் கையை எடுத்து, அதன் மேல் விரல் முட்டியால் மூன்று முறை தட்டினான்.

பயம் வந்துவிட்டதா என்று கொம்பையா நப்பாசையோடு கேட்டான்.

"இல்ல அண்ணே, வரல. நான் செஞ்சா உங்களுக்கு நடுக்கம் குறையுதுல்ல, அதான்."

இரண்டு பேரும் சாலையைக் கடந்து தெருவுக்குள் வந்தார்கள். வீட்டு வாசலில் கொம்பையா கதவை மூன்று முறை தட்டினான். மிக்கேல் அவனைப் பார்த்துவிட்டு, தானும் மூன்று முறை தட்டினான். உள்ளே கனி உலையில் அரிசியைப் போடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று, அரிசிப் பானை மூடியைத் திறந்து இன்னொரு ஆழாக்கு அளக்கிற சத்தமும் கேட்டது.